சொல்லின் அளவறிந்த திருச்சி வானொலி

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. நாடு பிரிந்து விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்கில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி என ஆறு நிலையங்களே இருந்தன. அவற்றுள் தலைநகராக இல்லாத ஊர் திருச்சி மட்டுமே. 936 கிலோஹெர்ட்ஸில் வரும் அதன் மத்திய அலை, பகலில் தரையை ஒட்டிப் பரவுவது. ஈரமான வண்டல் மண்ணில் அத்தகைய அலை அதிகம் வலுக்குன்றாமல் நெடுந்தூரம் செல்லும். காவிரிப் படுகைக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் வாய்த்திருக்காது.

இந்நிலையத்தின் தனிச்சிறப்பு, எங்கே எவ்வளவு பேச வேண்டும் என்ற தேர்ச்சி. வேளாண் நிகழ்ச்சிகளில் பேச்சே எல்லாம். 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய குறுவை நெல் வந்தபோது, விதைப்பு முதல் அறுவடை வரையிலான பக்குவங்களை வானொலி திரும்பத் திரும்ப, உழவருக்குப் பழகிய சொற்களில் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள். ஓர் ஒலிபரப்புக்கு இதனினும் பெரிய விருது இல்லை.

திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசி வேறு வகைச் சோதனை. அங்கே நடப்பது கண்ணுக்கான விழா. விடியுமுன் உற்சவமூர்த்தியான நம்பெருமாள் ரத்தின அங்கியாகிய ரத்னாங்கியில் புறப்படுகிறார். அவரைச் சுமக்கும் பாதந்தாங்கிகளின் அடிவைப்பில் சிங்கநடையாகிய சிம்மகதி எழுகிறது. தோளுக்கினியான் என்னும் பல்லக்கு அசையும் அந்த நடையைக் காணாதவருக்கு உணர்த்த, நேர்முக வர்ணனையாளர் தம் வாக்கியங்களையும் அதே நிதானத்தில் நடத்த வேண்டும். பரமபத வாசல் திறக்கும் கணத்தில் 'ரங்கா ரங்கா' என்ற முழக்கம் எழும்போது, விலகி நின்று அதற்கு வழிவிடவும் வேண்டும்.

திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையிலோ சொல்லுக்கு வேலை மிகக் குறைவு. குழலில் 'சேதுலாரா' ஒலித்தபின் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து கனராகங்களிலும் அவரது பஞ்சரத்னக் கீர்த்தனைகள் தொடர்கின்றன. ஐந்தும் ஆதி தாளம். நூற்றுக்கணக்கான வித்வான்கள் சேர்ந்து பாடும் கோஷ்டி கானத்தில் குரல், வயலின், மிருதங்கம் ஒன்றையொன்று மூடாமல் கேட்கச் செய்வது ஒலிப்பொறியாளரின் கலை. ராகத்தையும் தாளத்தையும் சொல்லிவிட்டு அறிவிப்பாளர் ஒதுங்கிக்கொள்கிறார். சரணத்துக்குச் சரணம் ஸ்வரமும் சாகித்தியமும் மாறிமாறி வருவதை வீட்டிலிருக்கும் ரசிகர் இடையூறின்றித் தொடர முடிவது இந்த அடக்கத்தால்தான்.