பாசிக்கு ஓர் இடம்

நல்ல உப்புநீர்த் தொட்டி என்று யாராவது அழைத்துப் போனால், எல்லோர் கண்ணும் மீனைத் தேடும். என் கண் பாறை இடுக்குக்கும் மணல் மூலைக்கும்தான் போகும். வளர்ப்பவரின் கைத்திறம் தெரிவது அங்கேதான். பாசியே இல்லாத தொட்டியை நான் தேடுவதில்லை. எந்தப் பாசி, எங்கே, எவ்வளவு என்பதை ஒருவர் தீர்மானித்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

தேர்ந்தவர்கள் பாசியின் நிறத்திலேயே தண்ணீரின் கதையைப் படித்துவிடுவார்கள். புதுத் தொட்டியின் மணலில் தூவியதுபோல் படியும் பழுப்பு, டயட்டம். தண்ணீரில் உள்ள சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கை வைக்க வேண்டாம். பாறையில் முடி முடியாய்ப் பச்சை தொங்கினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிஞ்சியிருக்கின்றன. சோதித்துப் பார்த்தால் பாஸ்பேட் பூஜ்யம் என்றே காட்டக்கூடும். பாசி அதைத் தின்றுவிட்டதால் வரும் பூஜ்யம் அது, நம்பக் கூடாது. நீரோட்டம் மந்தமான மூலையில் செம்படலமாய் விரிவது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா.

எல்லாவற்றிலும் நுட்பமானது டைனோ எனப்படும் டைனோஃபிளாஜெல்லேட். சளிபோன்ற பழுப்பு நூல், அதில் கோத்த காற்றுக் குமிழ்கள். இரவில் குறையும், விளக்கு எரிந்ததும் திரும்பும். பலமுறை இது வருவது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒட்டத் துடைக்கப்பட்ட தொட்டியில்தான். அங்கே வைத்தியம் தலைகீழ்: சத்தைச் சற்றே கூட்ட வேண்டும். சுத்தம் ஒன்றையே குறியாகக் கொண்டவருக்கு இது லேசில் மனம் ஒப்பாது.

இந்தக் கலையில் நான் தலைவணங்குவது வால்டர் ஏடி என்ற கடல்பாசி அறிஞருக்கு. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980-இல் ஒரு பவளப்பாறைத் தொட்டியை அவர் பார்வைக்கு வைத்தார். தண்ணீரைச் சுத்தமாக்க அவர் நம்பியது பாசியையே. தனியே ஒரு வலைத்தட்டு, அதன்மேல் பலமான விளக்கு, அலைபோல் புரளும் தண்ணீர். பாசி அங்கே செழித்துச் சத்தை உறிஞ்சும். அவ்வப்போது வழித்தெடுத்தால், உறிஞ்சிய சத்தும் அதோடு வெளியேறும். எதிரிக்கு மிக நல்ல வீட்டைக் கட்டிக்கொடுத்து, மற்ற இடங்களில் அதைப் பட்டினி போடும் இந்த யோசனையின் அழகு எனக்கு இன்றும் சலிக்கவில்லை. இப்போது வீடுகளில் தொட்டிக்கு அடியில் ஒரு தனி அறை வைத்து, நூற்கண்டுபோல் சுருண்ட கீட்டோமார்ஃபா பாசியை வளர்ப்பதும் இதே வழிதான். மேலே விளக்கு அணைந்த பிறகு கீழே எரியவிட்டால், இரவில் பிஎச் இறங்குவதும் மட்டுப்படும்.

பாசியை மேய்பவையும் வேண்டும். கரீபியன் கடலில் 1983-இல் தொடங்கிய ஒரு நோய், நீள்முள் கடல் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொன்றது. மீன்களை ஏற்கெனவே அளவுமீறிப் பிடித்திருந்த ஜமைக்காவில், மேய ஆளில்லாமல் பவளப்பாறைகளைப் பாசி மூடியது. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி. வீட்டில் டர்போ நத்தைகள் போதும். நிதானமாய், வழித்த தடம் தெரிய, இரவெல்லாம் வேலை செய்யும். ஆனால் நீண்டு தழைத்துவிட்ட பாசியை அவை சீந்தாது. முதலில் நாம்தான் கையால் பிடுங்க வேண்டும், பிடுங்கும்போதே குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். துண்டு துண்டாய் மிதக்கவிட்டால் சில இனங்கள் போன இடமெல்லாம் வேர்பிடிக்கும்.

பாசிக்கொல்லி மருந்து எனக்கு உடன்பாடில்லை. செத்த பாசி அழுகி, தின்ற சத்தை முழுதும் தண்ணீருக்கே திருப்பித் தரும். பல மருந்துகளில் உள்ள தாமிரம் நத்தையையும் பவளத்தையும் கொல்லும்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குச் சொல்வேன்: முதல் பெருஞ்செலவை, குழாய்நீரில் கரைந்திருப்பவற்றை நீக்கும் ஆர்ஓ டிஐ கருவிக்குச் செய்யுங்கள். குழாய்நீரில் கரைத்த உப்பு, பாசிக்குப் போடும் உரம். பாசி தின்னும் என்று கடைக்காரர் காட்டும் டாங் மீனை, தொட்டி நான்கு அடிக்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.