வார்டுக்கு வெளியே

இலங்கைத் தமிழர் தாதி என்பவரை நாம் செவிலியர் என்கிறோம். வார்டை விட்டு ஊருக்குள் வேலை பார்க்க விரும்பும் செவிலியருக்கு அங்கே ஒரு வழி, இங்கே வேறு வழி.

தமிழ்நாட்டில் அந்த வழி துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறது. 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு வந்த பதவிக்கு இங்கே இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று பெயர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். அங்கே மருத்துவர் கிடையாது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதும், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முதல் சோதனை செய்வதும், மருத்துவர் எழுதிய மாத்திரையை மாதாமாதம் தருவதும் இவர்தான். சந்தேகம் வந்தால் வீடியோவில் மருத்துவரைக் கேட்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரை இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, நாளை வரச் சொல்வதா என்று முதலில் தீர்மானிப்பவர் செவிலியர். வார்டில் பல வருடம் நின்றவருக்கும் எளிதில் கிடைக்காத பொறுப்பு அது.

இலங்கையின் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தரும் தொற்றா நோய்ப் பரிசோதனை செய்கிறார், படுக்கையில் கிடப்பவரை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். ஆனால் அவர் வைத்தியசாலையோடு இணைந்தவர். வைத்தியர் பக்கத்திலேயே இருப்பதால் தனித்து முடிவெடுக்கும் தேவை குறைவு. தாய் சேய் நலமோ அங்கே தாதியின் கையில் இல்லை. சுமார் 3,000 பேருக்கு ஒருவராக வீடு வீடாகப் போகும் குடும்பநல மாது தனித் தொழிலைச் சேர்ந்தவர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. மேல்பயிற்சி பெற்ற தாதி, பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியாக சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அமர்ந்து அந்த மாதுக்களை மேற்பார்வை செய்கிறார். யார் வேலை எது என்பதில் அங்கே குழப்பம் குறைவு. இங்கே தாய் சேய் நலம் பார்க்கும் கிராம சுகாதார செவிலியரும் இடைநிலைப் பணியாளரும் ஒரே நிலையத்தில் இருக்கிறார்கள். இருவர் வேலைக்கும் இடையிலான எல்லையைத் தெளிவாகப் போட்டுத் தர வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பாதது வேறொன்று. இலங்கைத் தாதிக்கு இந்த வேலை நிரந்தர அரச உத்தியோகம். கூடுதல் பொறுப்பைச் சுமக்கும் நம் செவிலியரோ தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தத்தில் இருக்கிறார். சர்க்கரை நோயாளி தன் கால் புண்ணைக் கூச்சமில்லாமல் காட்டுவது பழகிய முகத்திடம்தான். அந்தப் பழக்கம் வர வருடங்கள் ஆகும். ஒப்பந்தம் அத்தனை வருடங்களுக்கு உறுதி தருவதில்லை.