தோணியும் கயிறும்: ‘மாவலிபுரச் செலவு’ பற்றிய ஒரு நோக்கு

பாரதிதாசனாரின் ‘மாவலிபுரச் செலவு’ அளவாற் சிறிய பாட்டு. 1938 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாரதிதாசன் கவிதைகள்’ முதற்றொகுதியில் இடம்பெற்ற இது, சென்னையினின்று மாமல்லபுரத்திற்குக் கால்வாய் வழியே தோழர் சிலர் தோணியிற் சென்றதனைப் பாடுவது. ப. ஜீவானந்தம், குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோருடன் 1934 இல் கவிஞர் மேற்கொண்ட செலவே இதற்கு அடிப்படை என்பர்.

முதுகலை வகுப்பில் இப்பாட்டைப் பயிற்றும்போதெல்லாம் ஒரு வினா தவறாது எழுகின்றது. மாலை வெயிலும் நீரில் தோன்றும் வானமும் பனையின் சிரிப்பும் நிலவின் வரவுமாகச் செல்லும் பாட்டில், தொழிலாளர் தோளின் துணையின்றி உலகில் எவரும் இன்பக் கரையை எய்தார் என்னும் கருத்து இடையே புகுவது ஏன்? அஃது ஒட்டப்பட்டதோர் அறிவுரையன்றோ? இவ்வினாவைக் கவிஞரின் கொள்கை மேல் ஏற்றி விடை கூறிவிடுதல் எளிது. யாம் அவ்வழிச் செல்ல விரும்பவில்லை. அக்காலத்தில் அக்கால்வாயில் ஒரு தோணி எங்ஙனம் செலுத்தப்பட்டது என்பதனை உள்ளத்திற் கொண்டு பாட்டைப் பயின்றால், அக்கருத்து முதலடி தொட்டே பாட்டினுள் ஒளிந்து நிற்றல் புலனாகும் என்பதே எம் கருத்து.

பக்கிங்காம் கால்வாயின் தொடக்கம் 1806 ஐ ஒட்டிச் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட சிறு வாய்க்கால். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாகத் தோண்டப்பட்டது. அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வாய்த்தது. மண் சுமந்தவர் பெயர் எதற்கும் வாய்க்கவில்லை. கால்வாய் தெற்கே மரக்காணத்தளவில் முடிகின்றது. கவிஞர் அதனைத் தம் ஊராகிய புதுச்சேரி வரை நீட்டிப் பாடுவது புலவர்க்குரிய உரிமை. உப்பும் விறகும் சுமந்த தோணிகள் இதன்வழிச் சென்னைக்கு வந்தன. 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தபின் அவ்வழக்குத் தேய்ந்தொழிந்தது. நகரினுள் இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயில் ஊன்றி நிற்கின்றன. தாம்பரம் பகுதி மாணவர்க்கும் இது தொலைவான பொருளன்று. செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பினை அடைந்து, ஒக்கியம் மடுவின் வழியே இக்கால்வாயிற்றான் கலக்கின்றது. சோழிங்கநல்லூரினின்று கடற்கரைச் சாலைக்குச் செல்வோர் பாலத்தின்மேல் இதனைக் கடக்கின்றனர். கடப்பதனை அறிவார் சிலரே.

இத்தகைய நீர்வழியில் தோணியை இயக்கும் முறை மூன்று. காற்று வாய்ப்பின் பாய் விரிப்பர். வாய்க்காதபோது ஒருவன் கரைமேல் நடந்து கயிற்றால் இழுப்பான். மற்றொருவன் தோணியின் பின்புறம் நின்று நீண்ட கோலைக் கால்வாயின் அடித்தரையில் ஊன்றித் தள்ளுவான். ஆற்றைப் போல நீரோட்டம் தோணியை ஏந்திச் செல்லாது. கடலைப் போல அலையும் உந்தாது. நீர் அமைதியாக இருக்குந்தோறும் உழைப்பு மிகும். அமர்ந்திருப்பவனுக்கு எது அமைதியோ அதுவே இழுப்பவனுக்குச் சுமை. பாட்டில் கவிஞர் காட்டுவன கயிறும் கோலுமே. பாய் பற்றிய பேச்சில்லை.

இனிப் பாட்டினுள் புகுவோம். தொடக்கத்தில் தோணிகள் அன்னங்கள் மிதப்பனபோல ஓடுகின்றன. தோழர் ஏறியமர்ந்ததும் தோணி சென்னையை விட்டு நீங்குகின்றது. அதன் வேகம் மிகுகின்றது. இங்கெல்லாம் எழுவாய் தோணியே. வினைகள் யாவும் தன்வினைகள். செலுத்துவோன் ஒருவன் உளன் என்னும் குறிப்பே இல்லை. வேகம் என்றாரே, அது எவ்வளவு? வெயில் காயும் பொழுதில் புறப்பட்ட தோணி மறுநாள் விடியலிற்றான் மாமல்லபுரம் சேர்கின்றது. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கணக்கிட்டு நோக்கின் அது நடக்கும் ஒருவனின் வேகமே அன்றி வேறில்லை. ஆகவே தோணியின் வேகம் எனப் பாடப்பட்டது உண்மையில் ஒரு மனிதனின் காலடி வேகம். பாட்டு அதனை இவ்விடத்திற் சொல்லாது மறைத்து, காலம் வந்தபோது காட்டுகின்றது.

அம்மறைப்பு முழுமையானதும் அன்று. தோழருள் ஒருவர் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ என்னும் கவிஞரின் நூலை எடுத்து ஐந்தாறு பக்கம் படித்து முடிக்குமளவில் கதிரவன் மறைகின்றான். அம்மறைவுக்கு வந்த உவமை ஊன்றி நோக்கத்தக்கது. முரட்டு மாடு ஒன்று மூக்கணாங்கயிற்றையும் மீறிப் பக்கத்துச் சேற்றிற் பாய, அதனோடு சேற்றில் இறங்கும் வண்டிச் சக்கரம்போலச் சூரிய வட்டம் சாய்ந்ததாம். அந்தி வானத்தைப் பாடுவோர் பொன்னையும் பவழத்தையும் தேடிச் செல்லும் வழக்கிருக்க, இவர் வண்டியையும் சேற்றையும் தேடியது ஏன்? பாட்டில் முதன்முதல் தோன்றும் கயிறு இது. முதன்முதல் தோன்றும் இழுப்பும் இதுவே. மாடு கயிற்றை மீறுகின்றது. சற்றுப் பின்னர் வேறொரு கயிறு வரும், அதனை இழுப்பவன் மனிதன், அவன் மீறவில்லை. இவ்விரு கயிறுகளும் ஒன்றனையொன்று நோக்கி நிற்றலைக் காணாதவர்க்கே தொழிலாளர் பற்றிய பகுதி ஒட்டுப்போலத் தோன்றும்.

நிலவு சிவந்த முகத்தோடு எழுகின்றது. ஏன் இந்தச் சினம் என்று தோழர் வினவ, அதன் விடை அவர் நெஞ்சில் படுகின்றது. உடனே பின்னால் திரும்பி நோக்குகின்றனர். ஒருவன் இரு தோள்களாலும் கயிற்றை இழுத்துக் கரையொடு நடக்கின்றான்; முதுகு வளைந்த மற்றொருவன் கோல் நுனியால் தோணியைப் பின்புறம் நின்று தள்ளுகின்றான். இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கயிறிழுப்பவன் தோணிக்கு முன்னே செல்பவன் ஆயிற்றே; அவனைக் காணப் பின்னால் திரும்புவானேன்? கவிஞர் பிழைபடக் கூறினாரோ எனின், அன்று. தோணி செல்வது தெற்கு நோக்கி. தோழரோ நிலவின் வரவை எதிர்பார்த்துக் கிழக்கு நோக்கியிருந்தனர் எனப் பாட்டே கூறுகின்றது. இழுப்பவன் மேலைக் கரைமேல் நடந்தான் எனக் கொள்ளின் முடிச்சு அவிழ்ந்துவிடும். அவன் தோணிக்கு முன்னே செல்பவனாயினும் காண்போரின் முதுகுக்குப் பின்னே இருந்தான். அழகினை நோக்கி அமர்ந்தவர்க்கு உழைப்பு எப்போதும் முதுகுப்புறத்தே இருந்தது என்னும் பொருள் இதனாற் பெறப்படும். கவிஞர் எண்ணிச் செய்தாரோ, கண்டவாறே பாடினாரோ, யாம் அறுதியிட முற்படவில்லை. கண்டவாறே பாடியிருப்பின் அது இன்னும் சிறப்பு.

உவமையும் இவ்விடத்தில் மாறுகின்றது. அமர்ந்திருந்தோர் கண்ணுக்கு அன்னமாயிருந்த தோணி, தள்ளுவோன் கைக்கு மலையாகின்றது. பொருள் ஒன்றே, உவமம் இரண்டு. இவ்வொரு மாற்றத்தில் பாட்டின் கருத்து முழுவதும் அடங்கிவிட்டது என்றே கூறலாம். அதன்பின் வரும் வெளிப்படைக் கூற்றும், அதனை இருபது முறை சொன்னதாகக் கூறுவதும் மிகையே என்பது எம் துணிபு. ஒருமுறை மலை என்றது போதும்.

முன்னோர் தோணியைப் பாடிய முறையோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், உப்பு விற்று நெல்லொடு மீண்ட படகுகள் கழிக்கரையில் தறிகளில் பிணிக்கப்பட்டிருத்தலை, கொட்டிலில் நிற்கும் குதிரைகளுக்கு உவமித்தார். நிறுத்திய படகு அசைந்து அசைந்து கயிற்றை இழுத்து நிற்கும் தோற்றத்தை அறிந்தோர்க்கு அவ்வுவமையின் நுட்பம் விளங்கும். ஆயினும் பிணித்த கை யாருடையது என்பது அங்குச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய இடமும் அன்று. பாடப்படுவது பட்டினத்தின் வளம். அப்பர் திருவொற்றியூர்ப் பதிகத்தில் மனத்தைத் தோணியாகவும் மதியை ஊன்றுகோலாகவும் உருவகித்தார். அங்கே கோல் ஊன்றுபவன் ஏறிச் செல்பவனே. உழைப்பும் பயனும் ஒருவனுடையன. பாரதிதாசனார் தோணியில்தான் ஏறியவர் வேறு, ஊன்றியவர் வேறு என்னும் பிளவு பாட்டின் பொருளாகின்றது. அப்பர்க்கு மதி என்பது கோல். இவர்க்கு மதி என்பது கோலைக் காட்டும் விளக்கு. இது சொல்லொற்றுமையே, இவர் அப்பரை உட்கொண்டு பாடினார் என யாம் கூறவில்லை.

எஞ்சுவது இறுதிப் பாட்டு. நிலவு முத்துமாலையைச் சிதறி விண்மீன்களாக்கி மறைய, காலையில் கரை சேர்ந்ததாகப் பாட்டு முடிகின்றது. இழுத்தவனும் தள்ளியவனும் இங்கே காணப்படவில்லை. கரையோரம் தோணியை அணைத்தவர் யார், தறியில் கயிற்றைப் பிணித்தவர் யார் என்னும் வினாவுக்குப் பாட்டில் இடமில்லை. ‘சேர்ந்தோம்’ என்னும் முற்று மட்டுமே உளது. தன்மைப் பன்மை விகுதிகளுள் ‘அம், ஆம்’ என்பன முன்னிலையாரையும், ‘எம், ஏம், ஓம்’ என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் என்பது நன்னூலார் கொள்கை. அவ்வாறாயின் இங்குள்ள ‘ஓம்’ விகுதி உளப்படுத்தும் படர்க்கையார் யாவர்? பாட்டின் முற்பகுதியில் அவர் தோழரே என்பதில் ஐயமில்லை. நிலவு சினந்தபின், கயிற்றையும் கோலையும் கண்டபின், அவ்விகுதி விரிந்து அவ்விருவரையும் தழுவிக்கொள்ள இலக்கணம் தடை செய்யவில்லை. ஆயினும் கவிஞர் அதற்கு ஒரு சிறு குறிப்பும் தரவில்லை. நீலப் போர்வையையும் முத்துமாலையையும் பாடிய அவ்விறுதிப் பாட்டில், தறியில் முடிச்சிடும் ஒரு கையைக் காட்ட ஓரடி போதுமானதாய் இருந்திருக்கும். இலக்கணம் திறந்துவைத்த வாயிலில் பாட்டு நுழையாது நின்றுவிட்டது என்றே யாம் கருதுகின்றோம்.