கணுக்கால் மடிப்பு

கம்பூட்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பது. பள்ளம் எவ்வளவு ஆழம், பிடிக்குமா, வழுக்குமா என்று கட்டைவிரலால் தடவிவிட்டுத் தலையாட்டுவார்கள். நான் அடியைக் கடைசியில்தான் பார்ப்பேன். அடி தேய்ந்து குப்பைக்குப் போன பூட்ஸை அதிகம் கண்டதில்லை. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் துறைமுக ஓரத்தில் தூக்கி எறியப்பட்டுக் கிடப்பவற்றை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் மண்ணில் பாதி புதைந்து கிடப்பவற்றை எடுத்துப் பாருங்கள். அடி பாதிகூடத் தேய்ந்திருக்காது. கணுக்காலுக்கு முன்னால், பாதம் மடங்குகிற இடத்தில், குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். பூட்ஸ் அங்கேதான் சாகிறது.

ஆகவே கடையில் காலில் போட்டுக்கொண்டு, குதிகால் தரையை விட்டு எழாமல், நன்றாகக் குந்தி உட்காருவேன். கடைக்காரருக்குப் பிடிக்காது, பிடிக்காமல் போகட்டும். நல்ல ரப்பரில் மடிப்பு நான்கைந்து சிறு சுருக்கங்களாகப் பிரிந்து விழும். எழுந்ததும் தடம் இல்லாமல் மறையும். பிவிசியில் ஒரே கோடாக விழும். எழுந்த பிறகும் அந்தக் கோடு வெளிறித் தெரியும். நாளைக்கு வெடிக்கப்போகிற இடத்தை இன்றே கோடு போட்டுக் காட்டுகிற நேர்மை பிவிசிக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அச்சில் ஊற்றி எடுத்த பூட்ஸில் முன்னும் பின்னும் ஒரு பொருத்துக்கோடு நேராக இறங்கும். கைவேலைப் பூட்ஸில் அது இருக்காது. அலுமினியக் கால் அச்சின்மேல் முதலில் துணி உறை, பிறகு விரல் நுனிக்கு ஒரு துண்டு, குதிகாலுக்கு ஒரு துண்டு, தண்டுக்கு ஒரு தாள் என்று பச்சை ரப்பரை வெட்டி வெட்டி ஒட்டி, உருளையால் அழுத்தி, கடைசியில் மொத்தத்தையும் சூட்டில் வேகவைத்து எடுப்பார்கள். எனக்கு இதில் உயிர், கணுக்காலில் கூடுதலாக வைக்கும் ஒரு சின்னப் பட்டை. கண்ணுக்குச் சட்டென்று படாது. விரல் நுனியால் மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் லேசாகத் தட்டும். அந்த விளிம்பைச் சரித்து வெட்டி ஒட்டியிருந்தால் வேலை தெரிந்தவர் செய்தது. நேராக வெட்டித் தடிப்பாக ஒட்டியிருந்தால் பட்டை இல்லாமலே இருந்திருக்கலாம். மடிப்பு முழுவதும் அந்த விளிம்பில் போய்ச் சேர்ந்து அங்கேயே கிழியும். இடது கால், வலது கால் இரண்டிலும் ஒரே உயரத்தில் தட்டுகிறதா என்றும் பார்ப்பேன். கூட வந்தவர்கள் இதற்குள் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

மரத்துப் பால் ரப்பருக்கு இந்த இடத்தில் ஈடு இல்லை என்று நான் சொல்வது வெறும் ஊர்ப்பாசம் அல்ல. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைகட்டிப் படிகமாகின்றன. ஒரு சிறு வெடிப்பு ஆரம்பித்தால் அதன் முனையில்தான் இழுவை அதிகம். அங்கேயே ரப்பர் இறுகி வெடிப்பை மேலே போகவிடாமல் தடுக்கிறது. இழுவை தளர்ந்ததும் படிகம் கரைந்து பழையபடி மெத்தென்று ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்கிற கணுக்காலுக்கு வேறென்ன வேண்டும்?

எண்ணெய் என்பார்கள் துறைமுகத்து நண்பர்கள். நியாயம்தான். டீசலும் சாளையின் கொழுப்பும் மரத்துப் பால் ரப்பரை ஊதவைக்கும். சாளை சீசனில் விசைப்படகின் தளத்தில் நாள் முழுக்க நின்றால் அது கொழகொழத்துப் போகும். அந்த வேலைக்கு நியோப்ரீன். டூபான்ட் ஆய்வகத்தில் 1930-இல் பிறந்த அந்தச் செயற்கை ரப்பர் எண்ணெயை ஓரளவு நன்றாகவே தாங்கும். இழுத்தால் படிகமாகும் குணமும் அதற்கு உண்டு. எண்ணெய்க்கு அதைவிடக் கெட்டியான நைட்ரைலுக்கு அந்தக் குணம் இல்லை. அலாஸ்கா மீனவர்கள் எக்ஸ்ட்ராடஃப் என்ற பிராண்டின் பழுப்பு நிற நியோப்ரீன் பூட்ஸைக் கல்யாணத்துக்குக்கூடப் போட்டுக்கொண்டு போனதில் எனக்கு வியப்பில்லை. அமெரிக்காவின் ராக் ஐலண்டில் செய்துகொண்டிருந்ததை 2011-இல் சீனாவுக்கு மாற்றினார்கள். ஒட்டு விடுகிறது, பிளக்கிறது என்று அலாஸ்காக்காரர்கள் போட்ட கூச்சல் பத்திரிகைகளில் ஏறியது. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் பச்சை வெலிங்டன் செய்துவந்த ஹன்டர் 2008-இல் அங்கே வேலையை நிறுத்தியது; இசைவிழாக்களில் சேற்றில் நிற்கும் நடிகைகளின் காலணியாகப் பேர் வாங்கி, 2023-இல் கடனில் முழுகியது. பிரான்சில் ஏக்ள் மட்டும் 1853-இல் தொடங்கிய தொழிலை இன்னும் கைவேலையாகவும் செய்கிறது. ஆனால் அதன் விலையைக் கேட்டால் வெறுங்காலே தேவலை என்று தோன்றும்.

வெறுங்கால் கட்சி நம் கரையில் பெரிய கட்சி. ஆடுகிற தளத்தில் விரல் பிடிக்கிற பிடியை எந்த ரப்பரும் பிடிக்காது என்பார்கள், அதுவும் சரி. கெளுத்தி முள்ளும் உடைந்த கண்ணாடியும் ஏலக்கூடத்துத் தரையும் இல்லையென்றால் நானும் அந்தக் கட்சிதான். ஐஸ் அறைக்குள் இறங்கி மீன் அடுக்குகிறவரிடம் இந்த வாதம் எடுபடாது. அங்கே பிவிசியும் எடுபடாது. குளிரில் விறைத்துக்கொண்டு, குந்தினால் முறுக்கிக்கொள்ளும்.

இன்னொரு பயம்: கடலில் விழுந்தால் பூட்ஸில் தண்ணீர் நிறைந்து ஆளை இழுத்துவிடும் என்பது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது; இழுக்காது. நீந்தக் கால் வராது, படகில் ஏறும்போது அத்தனையும் கனக்கும், ஆபத்து அதில்தான். அதனால் கடலுக்குப் போகிறவர் கெண்டைக்காலை இறுக்காத, ஒரு குதிகாலால் மறு குதிகாலை மிதித்து உதறக்கூடிய பூட்ஸாகப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நல்ல பூட்ஸில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு சின்னத் திண்ணை விட்டிருப்பார்கள்.

பாலியூரித்தேன் பூட்ஸின் ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எடை குறைவு, கதகதப்பு, எல்லாம் உண்மை. நம் ஊர் ஈரப்பதத்தில் சில வருடம் சும்மா வைத்திருந்தால் பல வகை உள்ளிருந்தே பொடிந்துபோகும். உபயோகிக்காமலே அழிகிற பொருளின்மேல் எனக்குப் பிரியம் வருவதில்லை.

அப்பாவிடம் ஒரு கறுப்பு ஜோடி இருந்தது. கம்பெனிப் பெயர் தேய்ந்தே போயிருந்தது. மழைக்காலத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது அட்டைக்கும் விரியனுக்கும் பயந்து போடுவார். புகைக்கூட்டில் ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழ் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று தரம் பார்க்கிற கண்ணாலேயே அந்தப் பூட்ஸையும் பார்ப்பார். அதன்மேல் அவ்வப்போது சாம்பல் பூத்தமாதிரி வெள்ளை படரும். பூஞ்சணம் என்று அம்மா தேய்த்துக் கழுவப் போனால் கத்துவார். அது பூஞ்சணம் அல்ல. ரப்பரில் கலந்த மெழுகு மேலே வந்து படிவது. காற்றிலுள்ள ஓசோன் மடிப்பைத் தின்னாமல் அதுதான் காக்கிறது. இன்றைக்கும் கடையில் தூசி பிடித்ததுபோல் வெளிறிய ஜோடியை எல்லோரும் ஒதுக்க, நான் அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன். பளபளவென்று இருப்பவற்றைப் பிறகு பார்க்கலாம்.

அந்த ஜோடியின் கணுக்காலில் ஒருமுறை ஓட்டை விழுந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் உப்புத்தாளால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத பதம் வரும்வரை பீடி பிடித்துக் காத்திருந்தார். வட்டமாக வெட்டிய ட்யூப் துண்டின் ஓரத்தைச் சுற்றிலும் உரசி மெல்லிசாக்கி ஒட்டினார். மூலை வைத்து வெட்டினால் மூலையிலிருந்து பெயரும் என்றார். அந்த ஒட்டு பூட்ஸ் இருந்த வரை இருந்தது. பிவிசியில் அந்தச் சொல்யூஷன் ஒட்டாது. கிழிந்தால் எறி, புதிது வாங்கு என்பதுதான் இன்றைய வழி.

வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடம் நாகர்கோவிலில். வெட்டுகிற பாலில் பெரும்பகுதி டயராகிப் போகிறது. மார்த்தாண்டம் கடைத்தெருவில் கம்பூட்ஸ் கேட்டால் மட்டும் பிவிசியை எடுத்து வைத்து, "ரப்பர்தான் சார்" என்கிறார்கள். நான் குந்தி உட்காருகிறேன்; வெள்ளைக்கோடு விழுகிறது; அவர் வேறு பக்கம் பார்க்கிறார்.

இதைவிடப் பெரிய குறை அளவு. இறால், மீன் பதப்படுத்தும் ஆலைகளில் குளோரின் தண்ணீரை மிதித்து உள்ளே போகிறவர்களில் மிகுதி பெண்கள். அவர்களுக்குக் கொடுக்கிற வெள்ளைப் பூட்ஸ் ஆண்கள் அளவில் செய்தது. கால் நீளம் போதாமல் பாதம் முன்னால் சறுக்க, மடிப்பு கணுக்காலில் விழாமல், பட்டையே இல்லாத இடத்தில் விழுகிறது. எவ்வளவு நல்ல ரப்பரானாலும் அங்கே கிழியத்தான் செய்யும். நாலாம் நம்பர், மூன்றாம் நம்பர் கேட்டால் நம் கடைகளில் சின்னப் பிள்ளைகளின் மழைச் செருப்பைக் காட்டுகிறார்கள்.