எண்ணிக்கையும் ஆய்வும்: பொருளியல் துறைகளின் தரவரிசை குறித்து

பொருளியல் துறைகளின் ஆய்வுத்திறனைக் கட்டுரைத் தொகையாலும் மேற்கோள் தொகையாலும் அளக்கும் வழக்கம் இன்று வலுப்பெற்றுள்ளது. 1997இல் தோன்றிய ரெப்பெக் என்னும் மின்தொகுப்பு, தன்னிடம் பதிவுசெய்துகொண்ட ஆய்வாளரின் படைப்புகளைக் கொண்டே துறைகளை வரிசைப்படுத்துகிறது. பதிவில்லாதவர் அங்கு இல்லாதவரே!

இலங்கை நாணயமுறை குடியேற்றச் சார்பிலிருந்து 1950இல் மத்திய வங்கியை எய்திய வரலாற்றைப் பேராதனைப் பேராசிரியர் எச். ஏ. டி எஸ். குணசேகர 1962இல் நூலாக்கினார். பல்லாண்டு உழைப்பு; எண்ணுவோர்க்கோ ஒரு நூல்.

வத்தேகமத் தோட்டங்கள் பேராதனைக்குத் தொலைவில் இல்லை. அங்குள்ள கூலியையும் கடனையும் ஆராய்ந்து, தொழிலாளர் வாசிக்கத்தக்க தமிழில் ஒருவர் எழுதினால், ஆங்கிலச் சஞ்சிகைகளையே பெரிதும் கருதும் இவ்வளவுகோல் அதற்கு என்ன பெறுமதி தரும்?

எண்ணுவதை நாம் மறுக்கவில்லை. தமிழ், சிங்கள ஆய்வுகளை வாசித்து மதிப்பிடவல்ல அறிஞர் குழுவைப் பல்கலைக்கழகங்கள் முதலில் அமைக்கட்டும், பின்னர் எண்ணட்டும்.