மை தொடுமுன்: தமிழ் இதழ்க் கோட்டோவியத்தின் அளவுகோல்

வார இதழ்களுக்குப் பேனாவும் மையும் கொண்டு வரைந்த ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களின் கை உறுதியை வியப்பது நம் வழக்கம். ஆடாமல் இழுத்த கோடே உயர்ந்த கோடு என்ற எண்ணம் அந்த வியப்புக்குள் இருக்கிறது. படம் பழகும் இளைஞர்களும் இதை நம்பி, நோட்டு நோட்டாக இணைகோடுகள் போடுகிறார்கள். போடட்டும், கைக்கு நல்லது. ஆனால் இந்த மரபின் முதல்தர ஓவியர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தரம் வேறோர் இடத்தில் பிறப்பது தெரியும். கோடு எங்கே தொடங்கும், எங்கே தடிக்கும், எங்கே அறுபடும் என்று மை தொடுமுன்பே எடுத்த முடிவுதான் அதன் தரம்.

இப்படி முன்கூட்டி முடிவெடுக்கும் பழக்கத்தை ஓவியர்களுக்கு ஊட்டியது அச்சகம். துத்தநாகத் தகட்டில் செய்த லைன் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும், சாம்பல் தெரியாது. தயங்கித் தயங்கி மங்கலாக விழுந்த கோடு ஒன்று அழுத்தமாக அச்சாகும், இல்லையேல் காணாமல் போகும். மலிவுத் தாளில் மை பரவும் என்பதால், நெருக்கிப் போட்ட கோடுகள் ஒட்டிக் கறையாகிவிடும். பெரிதாக வரைந்த படத்தைச் சுருக்கிப் பிளாக் எடுக்கையில் கோட்டின் தடிமனோடு இடைவெளியும் சுருங்கும். ஆகவே வாசகன் கையில் படம் எப்படி இருக்கும் என்பதை வரையும்போதே மனத்தில் கண்டாக வேண்டியிருந்தது. ஆனந்த விகடனில் மாலி வளர்த்த சிக்கனம் இந்தச் சூழலில் உருவானது. சங்கீத வித்வான்களை அவர் கேலிச்சித்திரமாக வரைந்தபோது, மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும் என்று தெரிந்து பலவற்றை வரையாமல் விட்டார். அவரால் பெயர் சூட்டப்பெற்ற கோபுலு அந்தச் சிக்கனத்துக்கு உடல்மொழியைச் சேர்த்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடர்கதைக்கு அவர் வரைந்த பாத்திரங்கள் நிற்பதிலும் சாய்வதிலுமே அவர்களின் குணம் தெரியும்.

மாலி பெயர் சூட்டிய இன்னொருவர் சில்பி. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில்களில் அமர்ந்து சிற்பங்களை வரைந்த அவர் போன வழி நேர் எதிரானது. அங்கே சிக்கனத்துக்கு வேலையில்லை. கல்லின் திரட்சியைத் தாளில் கொண்டுவர நுண்கோடுகள் அடுக்கடுக்காக வேண்டும். தோளில் போடும் கோடு தோளின் வளைவோடு போக வேண்டும். திசை தவறினால், கோடுகள் எவ்வளவு சீராக இருந்தாலும் அந்த இடம் தட்டையாகிவிடும். நான் இதை மிகக் கடினமான முறையாகக் கருதுகிறேன், ஏனென்றால் முடிவெடுக்கும் வேலை ஒவ்வொரு சிறு கோட்டிலும் திரும்ப வருகிறது. கல்கியில் ‘பொன்னியின் செல்வ’னுக்கு வரைந்த மணியத்தின் உலகம் வேறு. அங்கே நகையும் ஆடையும் கூந்தலும் நெளிந்தோடும் கோடுகளாகின்றன.

அப்படியானால் ஆதிமூலத்தை எங்கே வைப்பது என்று கேட்கலாம். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி வரிசையில் கோடுகள் நடுங்குகின்றன, சிக்குகின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பழைய அளவுகோலில் இவை பிழைபட்ட கோடுகள். ஆனால் அந்த நடுக்கம் விழ வேண்டிய இடத்தில்தான் விழுகிறது. முகத்தின் அமைப்பைத் தாங்கும் இடங்களில் மை கூடுகிறது, மற்ற இடங்களில் வெறுந்தாள் நிற்கிறது. கை உறுதியை அளவாகக் கொண்டால் சில்பியையும் ஆதிமூலத்தையும் சேர்த்து மெச்ச முடியாது. முன்முடிவை அளவாகக் கொண்டால் முடியும்.

கோட்டைத் திருத்த விரும்புபவருக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. பென்சில் கோட்டின் மேலேயே மெதுவாக ஊர்ந்து மை போட்டால் கோடு செத்துவிடும். பென்சிலை இடங்காட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, முடியும் புள்ளியைப் பார்த்தபடி ஒரே இழுப்பில் போக வேண்டும். மையில் தோய்த்து எழுதும் நிப்பின் பிளவுபட்ட இரு நுனிகளும் தன்பக்கம் இழுக்கும்போது அழுத்தத்துக்கு விரிந்து கோட்டைத் தடிமனாக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் தாளின் நாரில் மாட்டி மை தெறிக்கும். அதனால் கையை வளைக்காமல் தாளைத் திருப்ப வேண்டும். நீண்ட வளைவுகளுக்கு மணிக்கட்டு போதாது, தோளிலிருந்து கை நகர வேண்டும். இண்டியன் இங்க் நிப்பிலேயே காய்ந்து கட்டியாகும் என்பதால் அடிக்கடி துடைப்பதும் வரைதலின் பகுதியே.

கையின் உறுதி பிறவியில் வருவது, மற்றதெல்லாம் பேச்சு என்பார்கள் சிலர். வலக்கை செயலிழந்த பிறகு கோபுலு இடக்கையால் வரைந்தார். பழகிய கை போன பிறகும் ஓவியர் எஞ்சியிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கணினி மென்பொருளே நடுக்கத்தை நீக்கித் தருகிறதே என்ற கேள்வி இன்னும் நியாயமானது. நீக்கித் தரட்டும். எந்த இடத்தில் கோடு தடிக்க வேண்டும், எதை வரையாமல் விட வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. இதழ்களின் பழைய அசல் படங்கள் எங்கெல்லாம் கிடைக்கின்றனவோ, அங்கெல்லாம் அவற்றை அச்சான பக்கங்களின் பக்கத்தில் வைத்து மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். அச்சில் தெரியாத வெள்ளை மைத் திருத்தமும் அழிபடாத பென்சில் தடமும் அசலில் இருக்கும். ஓவியர் எதை எப்போது முடிவு செய்தார் என்று அங்கேதான் படிக்க முடியும்.