குரலைப் பிடித்தவர்களும் கணக்கைப் பிடித்தவர்களும்

கேப்டன் பீஃப்ஹார்ட்டின் முதல் இசைத்தட்டே ஒரு கவர்தான். 1956இல் போ டிட்லி பாடிய 'டிடி வா டிடி'யை 1966இல் தன் மேஜிக் பேண்ட் குழுவோடு எடுத்துப் பாடி வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த முதல் ஆல்பமான 'சேஃப் அஸ் மில்க்'கிலும் லூசியானாவின் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் பீட் வில்லியம்ஸுடைய பாட்டு ஒன்று உண்டு. அதே பாட்டை 2004இல் தி பிளாக் கீஸ் குழுவினர் பாடினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வில்லியம்ஸின் நடையை அல்ல, பீஃப்ஹார்ட்டின் நடையை. இரவல் வாங்கியவரே சொந்தக்காரராகிவிட்டார். நல்ல கவருக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பீஃப்ஹார்ட்டின் சொந்தப் பாடல்களை மற்றவர்கள் பாடும்போது அப்படி நடப்பது அபூர்வம். டான் வான் வ்லியட் என்ற அந்த மனிதர் 1941இல் கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் பிறந்தவர். 1982இல் கடைசி ஆல்பத்தை முடித்துவிட்டு இசையைக் கைவிட்டு ஓவியத்துக்குப் போனார். 2010 டிசம்பரில் காலமானார். அமெரிக்காவில் அவருடைய தட்டுகள் பெரிதாக விற்றதில்லை. ஆனால் வாங்கிக் கேட்டவர்கள் விடவே இல்லை. அவர்களில் பலர் தாங்களே குழு அமைத்தார்கள், அவருடைய பாடல்களை வாசித்தார்கள். கடந்த ஐம்பதாண்டுகளில் இப்படிச் சேர்ந்த கவர்களைத் தொடர்ந்து கேட்டு வருபவன் என்ற முறையில், பெரும்பாலானவை தவறான இடத்திலிருந்து தொடங்குகின்றன என்றே சொல்வேன்.

அந்தத் தவறான இடம் குரல். ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபின் உறுமலைத் தொட்டுப் புறப்பட்டு, அடித்தொண்டையிலிருந்து உச்சிக் கீச்சுவரை ஒரே மூச்சில் ஏறி இறங்கும் குரல் அது. முதன்முறை கேட்பவருக்கு அதைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. அதனால் கவர் செய்ய வருபவர்கள் முதலில் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொள்கிறார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். நாலு வரி தாண்டுவதற்குள் பாடுபவரின் உழைப்பு தெரிகிறது, பாட்டு தெரிவதில்லை.

பாட்டு எங்கே இருக்கிறது என்பதற்கு 1969இல் வந்த 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா' உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். ஃபிராங்க் ஸப்பா தயாரித்த இரட்டை ஆல்பம், மொத்தம் 28 உருப்படிகள். லாஸ் ஏஞ்சலஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் குழுவினர் ஏறத்தாழ எட்டு மாதம் அடைந்து கிடந்து பயிற்சி செய்தார்கள். வான் வ்லியட்டுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பியானோ முன் உட்கார்ந்து கை போன போக்கில் துண்டு துண்டாக வாசிப்பார். டிரம்ஸ் கலைஞர் ஜான் ஃபிரெஞ்ச் அந்தத் துண்டுகளைத் தாளில் ஸ்வரமாக எழுதிக்கொண்டு, எந்தத் துண்டு எந்தக் கிட்டாருக்கு, எது பேஸுக்கு, எத்தனை முறை திரும்ப வர வேண்டும் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்தி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பியானோவில் பத்து விரலுக்கு வந்தது கிட்டாரில் எளிதில் வருமா? விரல்கள் எட்டாத இடங்களுக்கு எட்டப் பழக வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, குழுத் தலைவரின் அதட்டலும் அவமானப்படுத்தலும் வேறு. ஃபிரெஞ்சும் கிட்டார் கலைஞர் பில் ஹார்க்கெல்ரோடும் பின்னாளில் தங்கள் புத்தகங்களில் இதையெல்லாம் பதிவுசெய்திருக்கிறார்கள். படிக்கவே வேதனையாக இருக்கும்.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஃப்ரௌன்லேண்ட்'. இரண்டு நிமிடம்கூட ஓடாது. ஹெட்ஃபோன் மாட்டி, இடது பக்கத்தை மட்டும் கேட்டால் ஒரு கிட்டார் தனக்கென்று ஒரு கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் பிடிபடும், தடுமாற்றம் கிடையாது. வலது பக்கத்துக்கு மாறினால் இன்னொரு கிட்டார், இன்னொரு கணக்கு. அதுவும் தெளிவானதுதான். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் வண்டி குடைசாய்வதுபோல் இருக்கும். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்தின்போது கணக்கு எங்கெங்கோ போய்விட்டுச் சமத்துக்கு வந்து விழும், சபை ஒரு நொடி மூச்சுவிடும். இங்கே அந்தச் சமம் பெரும்பாலும் வருவதே இல்லை. வருவதற்குள் அடுத்த துண்டு தொடங்கிவிடுகிறது. இதற்கு மேல் குரல். குழுவினர் மாதக்கணக்கில் பயின்றது அவருடைய பாட்டு இல்லாமலே. பதிவிலும் அவர் ஹெட்ஃபோன் போட மறுத்து, ஸ்டுடியோ கண்ணாடி வழியாகக் கசிந்து வந்த ஓசையை வைத்துக்கொண்டு பாடினார். ஆகவே குரல் இசைமேல் மிதக்கிறது, இசையோடு கோக்கப்படவில்லை.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பீஃப்ஹார்ட்டை முதன்முதலில் கவர் செய்தவர்கள் மேஜிக் பேண்டுதான். வேறொருவர் விரலில் பிறந்ததை எழுதி, படித்து, தங்கள் கருவிக்கு மாற்றி, ஒரு ஸ்வரம் பிசகாமல் திரும்ப வாசித்தார்கள். கட்டற்ற இசை என்று பலரும் நினைக்கும் இதில் உண்மையில் கட்டற்றது மிகக் குறைவு. பிறகு வந்தவர்களை நான் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். அவர்கள் அந்தக் கணக்கைத் தொட்டார்களா?

1988இல் இங்கிலாந்தில் 'ஃபாஸ்ட் அண்ட் பல்பஸ்' என்ற அஞ்சலித் தொகுப்பு வந்தது. அதில் எக்ஸ்டிசி குழு 'எல்லா குரு'வைக் கிட்டத்தட்ட அச்சு அசலாக மறுபடி செய்து காட்டியது. கிட்டார் பின்னல், நடுவில் குறுக்கிடும் கீச்சுக்குரல், எல்லாம் அப்படியே. நகலெடுப்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. தற்செயல் என்று ஒதுக்கப்பட்டதை ஒருவர் மறுபடி செய்துகாட்டிவிட்டால் அது தற்செயல் அல்ல என்று நிரூபணம் ஆகிவிடுகிறது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்க எனக்குக் கை போகவில்லை. அந்தப் பதிவில் குறையே இல்லை. மூலத்தில் எதிராளியின் கணக்கு தன்னை இழுத்துவிடுமோ என்ற பதற்றம் ஒவ்வொருவர் வாசிப்பிலும் இருந்தது. இங்கே அது இல்லை.

அதே தொகுப்பில் சோனிக் யூத் குழு 'எலெக்ட்ரிசிட்டி'யை எடுத்தது. 1967 பதிவில் டாக்டர் சாமுவேல் ஹாஃப்மன் வாசித்த தெரமின் என்ற மின்னணுக் கருவியின் ஊளைதான் அந்தப் பாட்டின் நரம்பு. சோனிக் யூத் அந்த வேலையைத் தங்கள் கிட்டார் இரைச்சலிடம் கொடுத்தது. தங்கள் வீட்டுச் சமையலாகவே செய்தார்கள், அதனால் பாட்டு பிழைத்தது.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2000இல் மூன்று பாடல்களை ஒரே சிறு தட்டில் வெளியிட்டார்கள். ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டே பேர். 'சைனா பிக்' அவர்களுக்குப் பொருந்துகிறது. மூலமே கிட்டாரும் குரலும் மட்டும் சேர்ந்து வீட்டுக் கேசட்டில் பதிவானதுதான். ஆனால் 1980இன் 'ஆஷ்ட்ரே ஹார்ட்' ஒன்றையொன்று மறித்துக்கொண்டு ஓடும் பல கைகளின் பாட்டு. அதை இரண்டு பேருக்குச் சுருக்கியதும் வேகம் மிஞ்சியது, மறிப்பு போய்விட்டது. கவர்களின் பொதுவான குறையும் இதோடு சேர்ந்ததுதான். திரும்பத் திரும்ப எடுக்கப்படுபவை 'டிராப்அவுட் பூகி' மாதிரி ஒரே துண்டு சுற்றி வரும் ஆரம்ப காலப் பாடல்கள். எட்ஜர் பிராட்டன் பேண்டும் அதைத்தான் எடுத்தது, முப்பதாண்டு கழித்துத் தி கில்ஸும் அதைத்தான் எடுத்தது. 28 உருப்படிகள் கொண்ட அந்த 1969 ஆல்பத்தின் பக்கம் வருகிறவர்கள் மிகக் குறைவு.

குரலை விட்டுவிட்டவர்களால்தான் எனக்கு இந்தப் பாடல்கள் புதிதாகக் கிடைத்தன. 1972இன் 'கிளியர் ஸ்பாட்' ஆல்பத்தில் நீலக் கண்களைப் பற்றிய ஒரு காதல் பாட்டு உண்டு, 'ஹெர் ஐஸ் ஆர் எ ப்ளூ மில்லியன் மைல்ஸ்'. பாடகி ஜோன் ஆஸ்பார்ன் அதை ஆணின் கண்களாக மாற்றிப் பாடினார். அதைக் கேட்ட பிறகுதான் உறுமலுக்கு அடியில் எவ்வளவு கூச்சமான, எளிமையான மெட்டு இருந்தது என்று தெரிந்தது. லபெல் குழுவில் பாடிய நோனா ஹெண்ட்ரிக்ஸ் 2017இல் கிட்டார் கலைஞர் கேரி லூகாஸோடு ஒரு முழு ஆல்பமே செய்தார். சோல் இசையில் ஊறிய அந்தக் குரல் பீஃப்ஹார்ட்டைக் கறுப்பின இசையின் தெருவுக்கே திரும்பக் கூட்டிச்செல்கிறது. பீஃப்ஹார்ட் பாட்டைக் கற்றுக்கொண்ட தெரு அதுதானே.

லூகாஸ் மேஜிக் பேண்டின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர். 1982 ஆல்பத்தின் 'ஈவினிங் பெல்' என்ற தனிக் கிட்டார் உருப்படியை, வான் வ்லியட் பியானோவில் வாசித்த ஒரு கேசட்டைக் கேட்டுக் கேட்டே விரலுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் சாக்ஸபோன் கலைஞர் ஃபிலிப் ஜான்ஸ்டனோடு சேர்ந்து அவர் அமைத்த குழுவுக்கும் வழிகாட்டியது. அந்தக் குழுவின் பெயரும் 'ஃபாஸ்ட் அண்ட் பல்பஸ்'. 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தில் குரலின் இடத்தை ஊதுகருவிகள் எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு துண்டும் தனித்தனி வண்ணத்தில் எழுந்து நிற்கிறது. எந்தத் துண்டு எங்கே முடிகிறது, எது அதன்மேல் ஏறுகிறது என்பது முதன்முறையாக ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தை மூடாமலே எனக்குக் கேட்டது. இழப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். வார்த்தைகள் போனதோடு அந்த வார்த்தைகளில் இருந்த பாலைவனமும் மிருகங்களும் போய்விட்டன. இருந்தும் இந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்வேன்.

2003இல் பழைய மேஜிக் பேண்ட் கலைஞர்கள் மீண்டும் மேடை ஏறினார்கள். வான் வ்லியட் வரவில்லை. பாடியது ஜான் ஃபிரெஞ்ச். அவரும் உறுமித்தான் பாடினார். மற்றவர் செய்தால் பூனை என்று சொல்லும் நான் இவரைச் சொல்லத் தயங்குகிறேன். 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா'வின் முதல் பதிப்பு உறையில் அவர் பெயரே கிடையாது. அதன் பாடல்கள் எல்லாம் வான் வ்லியட் ஒருவர் பெயரில்தான் பதிவாகியிருக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு கவரும் அந்தப் பெயரையே திரும்ப அச்சடிக்கிறது. இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை வாசிக்க உட்காரும் எவரும் முதல் நாளே மோதுவது ஃபிரெஞ்ச் எழுதிவைத்த கணக்கோடுதான். அடுத்த அஞ்சலித் தொகுப்பைத் தயாரிப்பவர்கள் உறையில், பாட்டின் பெயருக்குக் கீழே, சட்டம் கேட்காவிட்டாலும் அந்த இரண்டாவது பெயரையும் போடட்டும்.